ஆனேக்கல்லில் கழுவிய பல்லி ரத்தம்

பெங்களூரில் விமானத்தை விட்டு இறங்கியதும் முகத்தில் பட்ட காற்று உலர்ந்து கிடந்தது. எங்கள் போர்ட் பிளேரில் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அலமாரியில் வைத்த புத்தகத்தில் பூஞ்சை பூக்கும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஒன்பது வருடமாக நான் எடுத்த பல்லி ரத்த ஸ்லைடுகளை எல்லாம் இந்த ஊருக்கு அனுப்பிவைத்தேன். இங்கே பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். பிரதி ஒன்றுகூட என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அவற்றைத் திரும்ப வாங்கிப் போக வந்திருந்தேன்.

நான் போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சோதனைக்கூட உதவியாளர். பிறந்ததே அங்கேதான். எங்களுக்கு இந்தியா என்பது 'மெயின்லாண்ட்'. அங்கே போய்வந்தவர்களை வெளிநாடு போய்வந்தவர்களைப் போலத்தான் விசாரிப்போம். நாற்பத்தாறு வயதில், வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்கக் குருவித்தீவு. வரைபடத்தில் அதற்கு வெறும் எண்தான். படகுக்காரர்களும் நாங்களும் வைத்த பெயர் அது. ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பி, மூல ஸ்லைடுகளைப் பார்க்க வேண்டும் என்று தேர்வாளர் கேட்டிருந்தார். அதே வாரத்தில் பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய பொருள்களை அப்புறப்படுத்துகிறோம், வேண்டியவை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். நான் வந்து இறங்கியது புதன்கிழமை.

தங்கியது ஜீவனஹள்ளியில், சித்தி மகள் சுமதி வீட்டில். பாதி அறை வீடு, பாதி அறை தையல் கடை. சுமதி பிறந்து வளர்ந்தது பெங்களூர். அவள் தமிழில் கன்னடம் உப்பு மாதிரி கரைந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி உருண்டையான முத்தேயும் உப்புசாறும். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன்.

"மெல்லக்கூடாது அக்கா. சாறுல முக்கி அப்படியே முழுங்கணும். பேக பேக, சீக்கிரம்."

முழுங்கினேன். தொண்டையில் நின்று, யோசித்து, பிறகு இறங்கியது. எனக்காக மீனும் வாங்கியிருந்தாள். பாவம், அந்த மீன் என்னைவிட அதிக தூரம் பயணம் செய்து வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"பல்லிக்குப் போயி ரத்தம் எடுக்கிறீங்களா அக்கா? எதுக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேன். குருவித்தீவில் இரண்டு வகைப் பல்லி. ஒன்று பகலில் திரியும் பச்சைப் பல்லி, அந்த மண்ணுக்கே உரியது. இன்னொன்று படகில் சாமானோடு வந்து இறங்கிய வீட்டுப் பல்லி. மற்ற தீவுகளில் வீட்டுப் பல்லி வந்தால் பச்சைப் பல்லி தென்னையையும் தாழையையும் விட்டு ஓடிவிடும். குருவித்தீவில் மட்டும் இரண்டும் ஒரே தாழை மரத்தில் இருந்தன. ஏன் என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. பல்லியின் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது. வீட்டுப் பல்லியின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. பல்லியின் சிவப்பணுவில் நம்முடையதைப் போலில்லாமல் நடுவே ஒரு கரு உண்டு. அந்தக் கருவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவரைக்கொட்டை வடிவில் ஒன்று உள்ளே படுத்திருக்கும். தோல் மடிப்பில் ஒட்டியிருக்கும் சிவப்பு உண்ணிதான் அதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது என்பது என் எண்ணம். பச்சைப் பல்லியிடம் அது அரிது. வந்தேறிக்கு நோய், அதனால் சோர்வு, அதனால் சொந்தக்காரனுக்கும் மரத்தில் இடம்.

சுமதி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அந்த நோய் நல்லதா?"

"அந்தத் தீவுல நல்லதாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப தீவுல மரமே இல்ல. படகுத்துறை கட்டி, விடுதி கட்டி, முழுக்க சிமெண்டு."

அந்தப் பல்லிகளின் ரத்தம் மிஞ்சியிருந்தது ஸ்லைடுகளில் மட்டும்தான்.

வியாழன் காலையில் பையப்பனஹள்ளி போய் மெட்ரோ ஏறினேன். குளிரூட்டிய பெட்டி, வழுக்கும் தரை, ஆளுக்கொரு போன். எதிரே நின்ற ஒருவர் கன்னடத்தில் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "வந்துவிட்டேன் சார், இறங்கிவிட்டேன், லிஃப்டில் நிற்கிறேன்." அதற்குப் பிறகும் ஆறு ஸ்டேஷன் என்னோடு வந்தார். எங்கள் ஊரில் தீவுக்குத் தீவு போகும் படகு நான்கு மணி நேரம் தாமதமானாலும் யாரும் பொய் சொல்வதில்லை. எல்லோரும் ஒரே கரையில் நிற்கும்போது யாரிடம் சொல்வது?

வைட்ஃபீல்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் தக்னி உருது பேசினார். என் போர்ட் பிளேர் இந்தி அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். அந்தமான் என்றதும், "அங்கே போக பாஸ்போர்ட் வேணுமா அக்கா?" என்றார். வேண்டாம் என்றேன். நம்பவில்லை. பேச்சு சுவாரசியத்தில் ஆய்வுக்கூட வளாகத்தின் பின்புற வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். முன்வாசலுக்கு அந்த மதிலைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தேன். ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் நகராத கார்கள். நடப்பதற்கென்று அங்கே யாரும் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

காவலாளி என் பெயரைக் கேட்டார், பிறகு போனில் வரும் எண்ணைக் கேட்டார். என் போனில் எண் வரவில்லை. வெயிலில் நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள்தான் டாக்டர் நந்தினி, அந்த அறைக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவள். சொந்த ஊர் தர்மபுரி. முன்பு அங்கே இருந்தவர் டாக்டர் ஹரிஹரன். ஒன்பது வருடமும் நான் ரத்தம் அனுப்பியது அவருக்குத்தான். ஓய்வு பெற்று வெளிநாட்டில் மகன் வீட்டோடு போய்விட்டார்.

நந்தினி தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"மேடம், அந்த டப்பா எல்லாம் திங்கக்கிழமையே போயிடுச்சு."

"வெள்ளிக்கிழமைன்னு போட்டிருந்தீங்களே."

"போட்டிருந்தோம். வண்டி திங்கக்கிழமைதான் கிடைச்சுது. லிஸ்ட்ல 'பழைய கண்ணாடி, உபயோகமற்றது'ன்னு இருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்." தண்ணீர் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்து, "ஹரிஹரன் சார் எழுதிக்கொடுத்த லிஸ்ட்," என்றாள்.

ஆனேக்கல்லுக்கு வெளியே ஒரு குடோன், ஆய்வுக்கூடங்களின் பழைய சாமான் எடுப்பவர்கள் என்று சொல்லி முகவரி எழுதிக்கொடுத்தாள். நான் எழுந்தபோது, "இதப் பார்த்திருக்கீங்கதானே?" என்று ஒரு கட்டுரையை நீட்டினாள். பார்த்ததில்லை. போன வருடம் ஹரிஹரன் சாரும் வேறு இருவரும் எழுதியது. உள்ளே நான் வரைந்த தீவு வரைபடம், நான் எடுத்த தாழை மரப் படம். கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் 'களப்பணியாளர்களுக்கும்' என்று ஒரு சொல்.

அது எனக்குப் பழகியதுதான். நான் மறுபடி மறுபடி படித்தது வேறு ஒரு வரி. ஆய்வு செய்த மற்ற தீவுகளைப் போலவே குருவித்தீவிலும் ரத்த ஒட்டுண்ணி இல்லை என்று அச்சடித்திருந்தது.

அவர்கள் ஸ்லைடுகளைப் பார்க்கவே இல்லை. ரத்தம் தோய்த்த காகிதத் துண்டுகளும் கூடவே அனுப்புவேன். மரபணுச் சோதனை செய்தது அவற்றில்தான். குருவித்தீவிலிருந்து திரும்பும்போது படகில் அலை அடித்து அந்தக் காகிதங்கள் முழுக்க நனைந்துவிட்டன. 'நனைந்தவை, நம்ப வேண்டாம், ஸ்லைடைப் பார்க்கவும்' என்று உறை மேலேயே எழுதியிருந்தேன். கெட்டுப்போன காகிதத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

"ஸ்லைடு கிடைச்சா கொண்டாங்க மேடம். சனிக்கிழமை லீவு, இருந்தாலும் நான் வந்து திறந்துவிடறேன்," என்றாள் நந்தினி.

வெள்ளிக்கிழமை சுமதி கடையை மூடிவிட்டு என்னோடு கிளம்பினாள். "ஆனேக்கல்ல எல்லா பாஷையும் பேசுவாங்க அக்கா. ஆனா வழி சொல்றது மட்டும் ஒருத்தரும் சரியா சொல்ல மாட்டாங்க," என்றாள். வழியில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றபடி, மசாலா இல்லாத காலி தோசையும் பை டூ காபியும். ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு ஒரு பெயர் வைத்து, அதை மரியாதையாகவும் நடத்தும் ஊர் இது. அது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறி, சந்தாபுரத்தில் இறங்கி மாற வேண்டும். சுமதி பக்கத்து சீட்டுக்காரப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தாள். ரவிக்கைக் கை எவ்வளவு நீளம் வைக்க வேண்டும் என்பதில் தொடங்கிய பேச்சு, தகராறாகி, பிறகு சிநேகமாகி, போன் நம்பர் வாங்குவதில் முடிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது பஸ் சந்தாபுரத்தைத் தாண்டி அத்திப்பள்ளிக்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் தமிழ்நாடு. எதிர்ப்புறம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வந்த முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ் பாதி வழியில் பெல்ட் அறுந்து நின்றது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் அக்கா, குடோன் எங்க ஓடப்போகுது," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

குடோனுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. தகரக் கூரை. வாசலில் உடைந்த நாற்காலிகள், குளிர்சாதனப் பெட்டிகள், கம்பிச் சுருள்கள். உரிமையாளர் முனிராஜு தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். ஸ்லைடு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணாடியாம்மா? பின்னாடி இருக்குது, வாங்க. நல்ல கண்ணாடி அது. கழுவினா புதுசு மாதிரி ஆயிடும். இஸ்கூலுங்களுக்குப் போவும்."

பின்கட்டில் நான்கு நீலத் தொட்டிகள். சோப்பு நுரை. இரண்டு பெண்கள் உட்கார்ந்து நார் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்ததைப் பழைய செய்தித்தாளில் வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். வெயிலில் நூற்றுக்கணக்கான கண்ணாடிகள். அவற்றின் ஊடே செய்தித்தாளின் கன்னட எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

குனிந்து ஒன்றை எடுத்தேன். ஸ்லைடின் ஒரு முனை சொரசொரப்பாக இருக்கும், பென்சிலால் எழுதுவதற்கு. சோப்பு அதை முழுக்க அழிக்கவில்லை. என் கையெழுத்து இருந்தது. 'கு.தீ., வீட்டுப் பல்லி, பெண், தாழை 3.' பக்கத்தில் ரத்தம் இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததையும். எல்லாம் அப்படித்தான்.

தேய்த்துக்கொண்டிருந்த மூத்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக எண்ணி விளக்கம் சொன்னாள். "ஊதாக் கறைம்மா. பழையது எல்லாம் சீக்கிரம் போயிடுச்சு. இது மட்டும் பிடிவாதமா இருந்துச்சு. ரெண்டு தடவை தேய்க்க வேண்டியதாப் போச்சு."

கறை பிடிவாதமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்லைடையும் நான் கடிகாரம் பார்த்துச் சாயத்தில் வைத்திருந்தேன்.

"தொட்டியில இருக்கறது?" என்று கேட்டேன்.

"அது கடைசி ஆறு டப்பா. பதினோரு மணிக்கு மேலதான் முக்கினோம்."

முனிராஜு தலையைச் சொறிந்தார். "பத்தரைக்கு வந்திருந்தா அப்படியே தூக்கிக் கொடுத்திருப்பேனேம்மா. சொல்லி வைக்கலியே யாரும்."

சந்தாபுரத்தில் இறங்கியிருந்தால் பத்தரைக்கு வந்திருப்போம். சுமதிக்கும் அந்தக் கணக்கு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அவளைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு இருந்த கோபம் ஹரிஹரன் சார் மேல்கூட இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்பவள் மேல்தான் கோபம் சுலபமாகப் பாய்கிறது.

தொட்டிக்குள் கையை விட்டேன். நுரைத் தண்ணீர் லேசாக ஊதாவாக இருந்தது. எடுத்த கண்ணாடிகளில் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது, விரல் பட்டதும் வழுக்கிப் போனது. மூத்த பெண் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"வேணாம்மா, உள்ள காரம் கலந்திருக்கு. தோலு உரிஞ்சிடும்." பிறகு ஒரு மூலையைக் காட்டினாள். "அங்க ஒண்ணு மூடி திறக்கவே மாட்டேங்குதுன்னு போட்டிருக்கோம் பாரு."

மர டப்பா. ஈரத்தில் உப்பி மூடி இறுகியிருந்தது. எங்கள் ஊர் ஈரம். முனிராஜு திருப்புளியால் நெம்பித் திறந்தார். உள்ளே இருபத்தைந்து ஸ்லைடுகள், பல தீவுகளுடையவை கலந்து. குருவித்தீவு என்று நான்கில் மட்டும் எழுதியிருந்தது. "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ," என்று முனிராஜு டப்பாவை என் கையில் வைத்து, அதற்கு மேல் பேச விரும்பாதவர் போல முன்பக்கம் போய்விட்டார். சுமதி தன் பையிலிருந்த ரவிக்கைத் துணியைக் கிழித்து அந்த நான்கையும் தனித்தனியே சுற்றினாள். திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தாபுரம் வந்ததும் நான்தான் அவள் கையைப் பிடித்தேன்.

சனிக்கிழமை நந்தினி சொன்னபடி வந்து அறையைத் திறந்தாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது சாயம் மங்கி வெளிறியிருந்தது. முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ரத்தமே உதிர்ந்திருந்தது. மூன்றாவதை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினேன். அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு சிவப்பணு, கரு ஓரமாகத் தள்ளப்பட்டு, பக்கத்தில் அவரைக்கொட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு மூன்று.

எழுந்து நந்தினிக்கு இடம் விட்டேன். கண்ணை வைத்தவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"இருக்கு," என்றாள். படம் எடுத்தாள். நான்காவதிலும் இருந்தது. அவளே ஹரிஹரன் சாருக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

அவர் குரல் எப்போதும் போல மென்மையாக இருந்தது. என் பிள்ளைகளை விசாரித்தார். "நீங்க எவ்வளவு உழைச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா ரேவதி?" என்றார்.

"அப்ப கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்பலாம் சார். படம் இருக்கு."

"எத்தனை ஸ்லைடு?"

"ரெண்டுல தெரியுது."

"எங்கிருந்து கிடைச்சுது?"

சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"பழைய சாமான் குடோன்லேர்ந்து எடுத்த ரெண்டு ஸ்லைடு. யாரும்மா ஒத்துப்பா? மறுபடி போய்ச் சரிபார்க்கலாம்னா அந்தத் தீவுல இப்ப பல்லியும் இல்ல, மரமும் இல்ல. இனிமே அங்க ஒட்டுண்ணி இருந்துச்சா இல்லையாங்கறது யாருக்கு வேணும், சொல்லுங்க?"

"எனக்கு வேணும் சார்."

பின்னால் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"உறை மேல எழுதியிருந்தேனே சார், நனைஞ்சதுன்னு."

"பார்த்தேன் ரேவதி," என்றார். "அப்ப நேரமில்ல." பிறகு, "திருத்தத்துக்கு நான் சம்மதிக்க முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நந்தினி போனைத் திருப்பி வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்க தனியா எழுதலாம் மேடம், யாரும் தடுக்க முடியாது. படத்தை அனுப்பிடறேன்." நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா என் பேரு வேணாம். இந்த லேப் பேரும் வேணாம். எனக்கு இந்த வேலை கிடைச்சதே சார் எழுதின கடிதத்துலதான்."

அவள் என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டாள். வெயிலில் நிற்காதீர்கள் என்று என்னிடம் சொல்லி, காவலாளியை ஒரு நாற்காலி போடவைத்தாள். நல்ல பெண்தான். அவளைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுமதி கட்டிக்கொடுத்த அரிசி மாவு அக்கி ரொட்டியோடு ஏர்போர்ட் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வு வழிகாட்டிக்கு நடந்ததை எல்லாம் எழுதி, இரண்டு படங்களையும் இணைத்து முந்தின நாளே அனுப்பியிருந்தேன். பஸ் ஹெப்பாளத்தைத் தாண்டும்போது பதில் வந்தது. படம் எந்த ஆய்வுக்கூடத்தில் எடுத்தது என்று போட முடியாதென்றால் அதற்கு மதிப்பில்லை. அச்சில் வந்த கட்டுரைக்கு மாறாக எழுதினால் தேர்வாளர் இந்தத் தடவையும் திருப்பி அனுப்புவார். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. குருவித்தீவில் ஒட்டுண்ணி உண்டு என்பதைக் கட்டுரைப்படி மாற்றி இன்றைக்கே அனுப்புங்கள்.

ஜன்னலுக்கு வெளியே மேம்பாலங்கள் போய்க்கொண்டே இருந்தன. குருவித்தீவு அத்தியாயத்தைப் போனில் திறந்தேன். பதினோரு பக்கத்தை அழிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில், 'குருவித்தீவின் பல்லிகளில் ரத்த ஒட்டுண்ணி இல்லை' என்று தட்டினேன். விரல் அதற்கு மேல் போகவில்லை. 'இல்லை' என்பதை எடுத்துவிட்டு, 'பதிவாகவில்லை' என்று மாற்றினேன். அது பொய்யில்லை. பதிவாகவில்லைதான்.

அனுப்பினேன். பஸ் சுங்கச்சாவடியில் நிற்பதற்குள் வழிகாட்டியிடமிருந்து போனில் ஒரு கட்டைவிரல் குறி வந்தது.